கலைச்சொல்: ரோமரின் ‘மார்ச்சிங் கேம்ப்’ – வழிப்பாசறையா, பாடியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பிரிட்டன் வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் கிடக்கும் ரோம ‘மார்ச்சிங் கேம்ப்’பைத் தமிழில் முகாம், கோட்டை என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். கோட்டையில் படை ஆண்டுக்கணக்கில் இருக்கும், கட்டடங்கள் இருக்கும். இதுவோ நடந்துவந்த படை சில இரவுகள் தங்க வெட்டியது. எட்டுப் பேருக்கு ஒரு தோல் கூடாரம், அவ்வளவே. படை போனபின் மிஞ்சுவது மூலை மழுங்கிய செவ்வகமாக ஒரு பள்ளமும் கரையும்தான். ‘வழிப்பாசறை’ சரியா?

---

> மிஞ்சுவது ஒரு பள்ளமும் கரையும்தான்

அடுப்பும் மிஞ்சும். ஸ்காட்லாந்தின் கிண்டோரில் தோண்டியபோது நூற்றுக்கு மேல் ரொட்டி அடுப்புக் குழிகள் கிடைத்தன.

‘பாசறை’ கட்சிக்காரர் சொல்லாகிவிட்டது. முல்லைப்பாட்டில் காட்டை வெட்டி, முள்வேலி வளைத்துப் படை இறங்கிய இடம் ‘பாடி’. யவனரும் அங்கே உண்டு. அதையே எடுக்கலாமே?

---

பாடி என்றால் சென்னைக்காரருக்குப் பேருந்து நிறுத்தம்தான் நினைவுக்கு வரும், ஐயா. அதே பாட்டில் ‘முரசு முழங்கு பாசறை’யும் வருகிறதே. என் ஓட்டு வழிப்பாசறைக்கு.

பெரிய வம்பு, சுற்றியுள்ள பள்ளத்தை ‘அகழி’ என்பதில். அகழி என்றதும் தண்ணீரும் முதலையும் வந்துவிடும். இது ‘வி’ வடிவ வறண்ட வெட்டு. ரோமக் கையேடு ஒன்று 5 அடி அகலம், 3 அடி ஆழம் என்கிறது (ரோம அடி சுமார் 29.6 செ.மீ.). வெட்டிய மண்ணை உட்பக்கம் கொட்டினால் கரை. பிற்காலத்தில் உழுது கரை அழிந்தாலும் தூர்ந்த பள்ளத்து மண் ஈரம் காக்கும். வறண்ட கோடையில் அந்தக் கோட்டில் மட்டும் பார்லி உயர்ந்து, பச்சை மாறாமல் நிற்கும். வானிலிருந்து எடுத்த படத்தில் தெரிவது அந்தப் ‘பயிர்த்தடம்’. ஆகவே ‘வெட்டுப்பள்ளம்’ போதும்.

வாயிலுக்குச் சில மீட்டர் வெளியே, நேரே பாய்ந்து வருவோரைத் தடுக்கத் துண்டாக ஒரு பள்ளமும் கரையும் இருக்கும்: லத்தீனில் ‘டிட்டுலும்’. படத்தில் இது இடைவெளிக்கு எதிரே சின்னக் கோடு. பழக்கமில்லாதவர் வேறு காலத்து வாய்க்கால் என்று தள்ளிவிடுவார். வட இங்கிலாந்தின் ரே கிராஸில், ஏ66 சாலை குறுக்கே போயும், தரையிலேயே பார்க்கலாம். இதற்கு ‘மறிபள்ளம்’ என்கிறேன். வாயிலில் கரையே கொக்கிபோல் வளைந்தால் ‘கொக்கிக்கரை’.

---

மறிபள்ளம் நன்று. பாடியை விட்டுவிடுகிறேன். ஆனால் இஸ்ரேலில் ரோமர் முற்றுகையிட்ட மலைக்கோட்டையான மசாடாவைச் சுற்றியுள்ள எட்டுப் பாசறைகளையும் வழிப்பாசறைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவை கல் அடுக்கிக் கட்டியவை. ‘முற்றுகைப் பாசறை’ என்று தனியாகப் பதியவேண்டும்.