காலையில் மட்டும் டக் டக்: எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:
பத்து வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் வேகமெடுக்கிறது. சூடானதும் அடங்கிவிடுகிறது. மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, "எஞ்சினைப் பிரிக்கணும்" என்கிறார். அவர் சொன்ன தொகை, கார் வாங்கிய விலையில் பாதி!

பதில் 1:
பிரிக்க விடாதீர்கள். எனக்கும் இதே கதைதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட், அதாவது எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இணைப்பை அடைக்கும் தகடு, கசிந்தது. உலோகம் சூட்டில் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். உடைந்த போல்ட் ஒன்றும் கேஸ்கட்டும் மாற்றினேன், அவ்வளவுதான். இணைப்பில் கரிக்கறை இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2:
முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) இழுத்துப் பாருங்கள் சார். ஆயில் குறைந்தாலோ கிரேடு மாறியிருந்தாலோ ஹைட்ராலிக் லிஃப்டரும் (ஆயில் அழுத்தத்தில் இயங்கி வால்வைத் தள்ளும் பாகம்) இப்படித் தட்டும். அப்புறம் கேஜ் வைத்து ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் அடியிலிருந்து கனமாக இடித்தால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்காக இருக்கலாம். அப்போது ஓட்டவே கூடாது.

கேட்டவர்:
ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே! வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டும், சிவப்பு நிறத்தில் மயங்கிவிட்டேன். கறையும் இருக்கிறது. சரி, ஆயில் ஊற்றிவிட்டு நாளைக் காலையில் காது கொடுத்துக் கேட்கிறேன்.