களிக்கு மார்க் இல்லாத அளவுகோல்: ஆக்குபேஷனல் தெரபி அனுபவங்கள்

தர்மபுரியிலிருந்து:

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொன்னால் இருபது வருஷமாக ஒரே பதில்தான்: "பிசியோதானே மேடம்?" அவர்கள் கையைத் தூக்க வைப்பார்கள், நான் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட வைப்பேன் என்று சொல்லிச் சமாளிப்பேன். பிசியோ நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நாலரை வருஷப் படிப்பு முடித்த புதிதில் பக்கவாத வார்டில் வேலை. நோயாளி அன்றாட வேலைகளைத் தானாகச் செய்கிறாரா என்று மார்க் போடும் பார்தெல் அளவுகோல்தான் அப்போது எனக்கு வேதம். 1965இல் அமெரிக்காவில் வெளியானது. சாப்பிடுவது, குளிப்பது, படி ஏறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100 மார்க்.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், வலது பக்கம் வாதம். தேறிவிட்டார். ஸ்பூனால் இட்லியை எடுத்துச் சாப்பிட்டார், நானும் சாப்பாட்டுக்குப் பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினேன். அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது ஆள் பாதியாகியிருந்தார். மருமகள் சொன்னார்: "வீட்ல களிங்க மேடம். பிச்சு உருட்டி, குழம்புல தோய்ச்சு உள்ள தள்ளணும். அத்தைக்கு வெரல் ஒண்ணுசேரல. ஊட்டிவிட்டா வேணாங்கறாங்க."

அன்று ராத்திரி அந்த அளவுகோலின் மூல விளக்கத்தைத் தேடிப் படித்தேன். முழு மார்க் வாங்க உணவை வெட்ட வேண்டும், உப்பும் மிளகுத்தூளும் போட்டுக்கொள்ள வேண்டும், வெண்ணெய் தடவ வேண்டும் என்று இருந்தது. பென்னாகரத்தில் யார் வெண்ணெய் தடவுகிறார்கள்? நானே களி தின்று வளர்ந்தவள். எனக்கே தோன்றவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுநாளே ராகி மாவைப் பிசைந்து கையில் கொடுத்தேன். முதலில் உள்ளங்கையில் உருட்டுவது, பிறகு மூன்று விரல் நுனியால் பிய்ப்பது. அப்புறம் ஆறிய களி, கடைசியில்தான் சூடான களி. வாதம் வந்த கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவதே தெரியாது, அதனால் இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வலது கை தட்டுக்குப் போக வேண்டும் என்று பழக்கினேன்.

பின்னாளில் துறைத் தலைவியானதும் நான் நகர்த்திய முதல் ஃபைல் ஒரு கேஸ் அடுப்பு, களிப் பானை, துடுப்பு, குந்திப் பழக ஒரு மேடை. அலுவலகத்தில் "இது ஆஸ்பத்திரியா, ஓட்டலா?" என்றார்கள். மூன்று மாசம் இழுத்தது. தலைமைப் பொறுப்பு என்றால் பாதி நேரம் இந்த மாதிரி ஃபைல்தான், அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆராய்ச்சியும் அங்கேதான் பிறந்தது. களி தின்பது, குந்தி எழுவது, புளி தட்டுவது, இதெல்லாம் அந்த மாதிரி அளவுகோலின் கேள்விகளில் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. ஆராய்ச்சி முறையானதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி சீக்கிரம் அனுமதித்தது. ஆட்கள்தான் வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு போட்டு என் கேள்விக்குப் பதில் சொல்ல யார் வருவார்கள்? நானே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரையை அனுப்பியபோது பரிசீலித்தவர் கேட்ட முதல் கேள்வி: களி என்றால் என்ன?

காவேரிப்பட்டணத்திலிருந்து:

எங்கப்பாவுக்கு பைக் விபத்தில் மேல்கை எலும்பு முறிந்து, நரம்பும் அடிபட்டு, மணிக்கட்டு தொங்கிவிட்டது. தெரபிஸ்ட் அக்கா வெந்நீரில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் போட்டார், துணி மாதிரி குழைந்தது. கையில் வைத்து அழுத்தினார், ஆறியதும் கெட்டியாகிவிட்டது. அப்பா அதற்கு "பிளாஸ்டிக் தோசை" என்று பெயர் வைத்தார். மணிக்கட்டு நிமிர்ந்து நின்றதால் மாங்காயைப் பிடிக்க முடிந்தது. நரம்பு தேறும்வரை அதோடுதான் மண்டிக்குப் போனார்.

சூளகிரியிலிருந்து:

2021 ஆகஸ்ட் 5இல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது எங்க பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். பாட்டிக்கு வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி எப்படிக் குந்தி உட்கார்ந்து பாத்திரம் விளக்குவார் என்று யாரும் கேட்கவில்லை. மேடம் எழுதியதைப் படித்துவிட்டு, உயரமான முக்காலி ஒன்று வாங்கிப் போட்டேன்.

மீண்டும் தர்மபுரியிலிருந்து:

முக்காலி நல்லதுதான் தம்பி. கால் வழுக்காமல் அடியில் ரப்பர் ஒட்டிவிடுங்கள், பாத்திரத் தொட்டியையும் அதே உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பாட்டி குனிந்து குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.