அம்மாவுக்கு அக்கி ஊசி போடணும், காய்ச்சல் வருமா? போட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க

யீஷூன்_மலர்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு, மாத்திரைல கன்ட்ரோலா ஓடிட்டிருக்கு. போன வாரம் பொலிகிளினிக்ல ரத்தம் எடுக்கப் போனப்ப அங்க இருந்த நர்ஸ் ஷிங்ரிக்ஸ் போட்டுக்கறீங்களான்னு கேட்டாங்க. அக்கி வராம இருக்கறதுக்கான ஊசி, இங்க சிங்கப்பூர்ல 60 தாண்டின சிட்டிசனுக்கு 2025 செப்டம்பர்லருந்து மானியம் குடுக்கறாங்க, முன்னாடி மாதிரி முழுக்காசும் நாமளே கட்ட வேண்டியதில்ல. எனக்கு போட்டுடலாம்னுதான் இருக்கு, ஆனா அம்மா கேட்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

எல்லாம் 2021 பயம். கோவிட் ஊசி சமூக மன்றத்துல போட்டோம், பைசர். முதல் டோஸ்ல ஒண்ணுமே தெரியல, போட்டதுக்கப்புறம் அரைமணி நேரம் உக்கார வைப்பாங்கல்ல அப்ப பக்கத்து நாற்காலி மலாய்க்கார பாட்டியோட ஜாலியா கதையடிச்சுட்டு வந்தாங்க. ரெண்டாவது டோஸ் அன்னிக்கு ராத்திரிதான் ஆரம்பிச்சுது, ரெண்டு போர்வை போத்தியும் பல்லு தந்தியடிக்குது, கோடாலித் தைலம் பாட்டில் காலியாச்சு, விடியற வரைக்கும் முருகா முருகான்னு ஒரே புலம்பல். மறுநாள் சாயங்காலம் எழுந்து ரசஞ்சோறு சாப்பிட்டாங்க, அவ்ளோதான், ஆனா அந்த ஒரு ராத்திரிய இன்னும் சொல்லிட்டிருக்காங்க.

இன்னொன்னு, தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுப்பாங்க. இந்தத் தடவ 2026 பிப்ரவரி 1. இப்ப நவம்பர் கடைசில முதல் ஊசி போட்டா ரெண்டாவது ஊசி சரியா விரத நேரத்துல வந்து நிக்கும் போல. பெருமாள் கோயில்லருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் வெறுங்கால்ல நடக்கணும், காய்ச்சலோட எப்படி? அக்கி ஊசி போட்டவங்க யாராச்சும் இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க ப்ளீஸ்.

சிராங்கூன்_டாக்ஸி_மாமா:
மலரு, யோசிக்காம போட்டு விடும்மா. நான் 2023ல அக்கில கிடந்து எழுந்தவன். மொதல்ல இடது பக்க விலாவுல சுருக் சுருக்னு குத்துச்சு, வண்டி ஓட்டறவனுக்கு இதெல்லாம் சகஜம்தானேன்னு ஒரு கிளினிக்குக்குப் போனேன், தசைப்பிடிப்புன்னு சொல்லி ஒட்டற பிளாஸ்டர் குடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு குளிக்கறப்ப பாத்தா முதுகுலருந்து நெஞ்சுக்குக் கீழ வரைக்கும் பட்டையா செவந்து கொப்புளம், இடது பக்கம் மட்டும், நடுக்கோட்டத் தாண்டல பாத்துக்க. மன்னார்குடி அக்காவுக்கு போன் போட்டா குயவர் வீட்டுக்குப் போயி காவியால அக்கி எழுதிக்கடாங்குது. அக்கா நான் இருக்கறது சிராங்கூன் ரோடு, இங்க குயவர எங்க தேடுவேன்னேன். அதுக்கு அது கோவிச்சுக்கிட்டு போன வச்சிடுச்சு, அது தனிக்கதை.

கொப்புளம் காஞ்சு உதிந்ததுக்கப்புறமும் வலி போகல, அதான் கொடுமை. சட்ட பட்டா எரியும், ஃபேன் காத்து பட்டா எரியும். சீட் பெல்ட் சரியா அந்த இடத்துலதான் படும், ஒரு டவல நாலா மடிச்சு உள்ள குடுத்துதான் வண்டி எடுப்பேன், அதுவும் பாதி நாள் முடியாது, வண்டி வாடகை மட்டும் நிக்காம ஓடுது. நரம்பு வலிக்குன்னு குடுத்த மாத்திரைல தூக்கமா வருது, தூக்கத்தோட எப்படி ஸ்டியரிங் புடிக்கறது. மாசக்கணக்குல இழுத்துச்சு.

எல்லாம் ஆறினப்புறம் டாக்டர் மறுபடியும் வரலாம்யா ஊசி போட்டுக்கன்னாரு, அப்ப மானியமும் கிடையாது, சில நூறு வெள்ளி ஒரு டோஸுக்கு, பல்லக் கடிச்சுட்டு போட்டேன். கை நல்லா வலிச்சுது, ராத்திரி காய்ச்சல், மறுநாள் வண்டி எடுக்கல. அக்கி வலியப் பாத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வலியா.

தெம்பனிஸ்_ராஜ்:
எங்கப்பாவுக்குப் போட்டோம், நான் வேற மாதிரி சொல்றேன். ரெண்டாவது டோஸுக்கு மனுஷன் ரெண்டு நாள் எழுந்திரிக்கவே இல்ல. கை வீங்கி முழங்கை வரைக்கும் சிவப்பு, வாந்தி வேற. கிளினிக்ல என்ன சொன்னாங்க தெரியுமா, "ஒண்ணும் ஆகாது அங்கிள், லேசா கை வலிக்கும்". லேசா! எனக்கு ஊசி மேல கோவமில்ல, அந்தப் பேச்சு மேலதான் கோவம். கோவிட் டைம்லயும் இதே கதைதான், எல்லாரும் போடுன்னாங்க, அப்புறம் 2021 ஜூலைல வந்து இளவட்டப் பசங்க ஒரு வாரம் கடுமையா எக்ஸர்சைஸ் பண்ண வேணாம்னாங்க, செப்டம்பர்ல அத ரெண்டு வாரமா ஆக்கினாங்க. நான் அப்ப ஜிம்முக்குப் போயிட்டிருந்தவன். வயசான காலத்துல தேவையில்லாம உடம்ப நோக விடணுமான்னு யோசிச்சுக்குங்க.

நைட்_ஷிஃப்ட்_கலா:
நான் வார்டு நர்ஸ், ஊசி போடற டியூட்டியும் பாத்திருக்கேன். ராஜ் சொல்றதுல பாதி எனக்கு முழு சம்மதம். "ஒண்ணும் ஆகாது" அப்படின்னு வயசானவங்ககிட்ட சொல்லவே கூடாது. சொல்லி அனுப்பினா ராத்திரி காய்ச்சல் வந்ததும் பயந்துடறாங்க, ரெண்டாவது டோஸுக்கு வரவே மாட்டாங்க, போட்ட முதல் ஊசியும் அரைகுறையா நிக்கும்.

ஷிங்ரிக்ஸ் கொஞ்சம் முரட்டு ஊசிதான், மறைக்க ஒண்ணுமில்ல. கம்பெனி ட்ரையல்லயே 50 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல பத்துக்கு எட்டு பேருக்குக் கிட்டத்தட்ட கை வலி, அசதியும் உடம்பு வலியும் பாதிக்குக் கொஞ்சம் கம்மியான பேருக்கு, காய்ச்சல் அஞ்சுல ஒருத்தருக்கு. நடுக்கம் கால்வாசிப் பேருக்கு. பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். ஏன் இவ்ளோன்னா, அதுல உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸோட ஒரு புரதம் மட்டும்தான், அது மட்டும் போட்டா வயசான உடம்பு கண்டுக்காது. அதனால உடம்ப உசுப்பி விடறதுக்குன்னு ஒரு கலவை சேக்கறாங்க, அதுல ஒரு பொருள் சிலி நாட்டு மரம் ஒண்ணோட பட்டைலருந்து எடுக்கறது. அந்த உசுப்பல்தான் காய்ச்சலா தெரியுது. பழைய ஊசி ஒண்ணு இருந்துச்சு, உயிருள்ள வைரஸ், அது பாதிப் பேரத்தான் காப்பாத்துச்சு, இது 90 சதவீதத்துக்கு மேல.

ராஜ், 2021ல எக்ஸர்சைஸ் வேணாம்னு சொன்னது பைசர் மாதிரி எம்ஆர்என்ஏ வகை கோவிட் ஊசிக்கப்புறம் சில இளம் ஆம்பளைங்களுக்கு இதயத் தசைல வீக்கம் வந்ததால. இது அந்த வகை ஊசியே இல்ல, ரெண்டையும் ஒரே கூடைல போடாதீங்க. இதுக்குன்னு இருக்கற அபூர்வமான விஷயம் வேற, கை கால் பலமிழக்கற கில்லன் பாரே, அமெரிக்காவுல 2021ல அதுக்கு எச்சரிக்கை சேத்தாங்க, பத்து லட்சம் டோஸ்ல சில பேருக்கு. அதையும் கேக்கறவங்ககிட்ட நான் சொல்லிடுவேன்.

மலர், தைப்பூசத்துக்குக் கவலையே வேணாம். ரெண்டாவது டோஸ் ரெண்டு மாசத்துலருந்து ஆறு மாசத்துக்குள்ள எப்ப வேணா போடலாம். இப்ப போட்டா மே வரைக்கும் டைம் இருக்கு. பூசம் முடிஞ்சு பால்குடம் எடுத்த கால்வலியெல்லாம் போனதும் பிப்ரவரி கடைசிலயோ மார்ச்லயோ போடுங்க. விரதத்தோட சேத்துப் போடாதீங்க, ஊசிக்கு விரதம் ஆகாதுன்னு இல்ல, ஆனா சுகர் மாத்திர சாப்பிடறவங்க காய்ச்சல்ல சோறு தண்ணி இறங்காம மாத்திர மட்டும் போட்டா சிலருக்கு சுகர் சட்டுனு இறங்கிடும். ரத்தம் உறையாம இருக்கற மாத்திர ஏதாச்சும் எடுத்தாங்கன்னா போடறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, கொஞ்ச நேரம் கூட அழுத்திப் புடிப்பாங்க.

துவாஸ்_முருகன்:
அக்கா நடுவுல வரேன் மன்னிக்கணும், நான் ஒர்க் பர்மிட்ல இருக்கேன். டார்மிட்டரில 2021ல வரிசைல நிக்க வச்சு கோவிட் ஊசி போட்டாங்க, எங்க ரூம்ல பாதிப் பேரு அன்னிக்கு ராத்திரி போர்வைக்குள்ள, மீதிப் பேரு கஞ்சி காச்சற வேல, சிரிப்பா இருக்கும் இப்ப நெனச்சா. என் கேள்வி, எங்கப்பா புதுக்கோட்டைல இருக்காரு, 65 ஆகுது, அவருக்கு ஏற்கெனவே ஒருதடவ நெத்தில அக்கி வந்து கண்ணு பக்கம் வரைக்கும் போச்சு. ஊர்ல இந்த ஊசி கிடைக்குமா? எங்கப்பாட்டருந்து என் ரூம்மேட்டுக்கு ஒட்டிக்குமான்னு எங்கம்மா கேக்குது, நான் லீவுல போயிட்டு வந்தேன்ல அதுக்கு 😅

நைட்_ஷிஃப்ட்_கலா:
முருகன் தம்பி, ஷிங்ரிக்ஸ் இந்தியாவுல 2023லருந்து இருக்கு, 50 வயசுக்கு மேல போடலாம். பெரிய ஆஸ்பத்திரிகள்ல கேட்டுப் பாக்கச் சொல்லுங்க, காசு முழுக்க உங்களுதுதான், வெல ஜாஸ்தி. நெத்தில, கண்ணுகிட்ட வந்தா அது எமர்ஜென்சி மாதிரி, பார்வைக்கே ஆபத்து, இன்னொரு தடவ வந்தா ஒரு நாள் கூடத் தள்ளாம கண் டாக்டர்ட்ட ஓடச் சொல்லுங்க. வைரஸ அடக்கற மாத்திர கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன்.

ஒட்டறதுன்னு பாத்தா, அக்கிலருந்து அக்கி வராது. சின்னம்மை வந்துபோன வைரஸ்தான் நரம்புக்குள்ள வருஷக்கணக்கா பதுங்கியிருந்து வயசானப்புறம் அக்கியா கிளம்புது. அம்மையே வராத, ஊசியும் போடாத ஆளு அந்தக் கொப்புளத் தண்ணியத் தொட்டா அவருக்கு அம்மை வரலாம். இங்க குழந்தைங்களுக்கு அம்மை ஊசிய 2020 நவம்பர்லதான் தேசிய பட்டியல்ல சேத்தாங்க, அதனால பெரியவங்க முக்கால்வாசிப் பேரு உடம்புல அந்த வைரஸ் தூங்கிட்டுதான் இருக்கு.

தெம்பனிஸ்_ராஜ்:
சரி கலா, நீங்க பேசற மாதிரி அந்தக் கிளினிக்ல பேசியிருந்தா நான் இங்க வந்து எழுதியே இருக்க மாட்டேன். அப்பாவுக்கு ரெண்டு டோஸும் முடிஞ்சுது, இப்ப நல்லாத்தான் இருக்காரு, கோப்பிக்கடைல உக்காந்து எல்லாருக்கும் போடு போடுன்னு அட்வைஸ் வேற. ஒண்ணு மட்டும், எடுபிடிக்கு வீட்ல ஆள் இருக்கற நாளாப் பாத்து போடுங்க. எங்கப்பா தனியா இருந்தார்னா பாத்ரூம் போறதுக்குள்ள விழுந்திருப்பாரு.

யீஷூன்_மலர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்டேட் குடுக்கறேன்.

டாக்ஸி மாமா எழுதினத அப்படியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், சீட் பெல்ட்டுக்கு டவல் மடிச்சு வச்சதக் கேட்டதும் கொஞ்சம் ஆடிப் போயிட்டாங்க. அப்புறம் கலாக்கா சொன்ன மாதிரி "அம்மா, காய்ச்சல் வரலாம், நடுக்கமும் வரலாம், ஒரு நாள் ரெண்டு நாள்" அப்படின்னு ஒளிக்காம சொன்னேன். "இதத்தான் அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருக்கணும், நான் உசுரு போகுதுன்னுல்ல நெனச்சேன்" அப்படின்னாங்க. எனக்கே இது புதுசு, அஞ்சு வருஷமா இந்த வாக்கியம் வெளிய வரல.

வெள்ளிக்கிழமை காலைல போட்டோம், இடது கைல, அவங்களுக்கு வலது கைதான் எல்லாத்துக்கும். மானியம் போக மிச்சத்த மெடிசேவ்ல, அதான் மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்குல, கழிச்சுக்கிட்டாங்க. ஃப்ளூ ஊசி மாதிரி ஹெல்தியர் எஸ்ஜிங்கற அரசாங்க சுகாதாரத் திட்டத்துல சேந்தவங்களுக்கு இலவசம்னு நெனச்சுட்டுப் போகாதீங்க, இதுக்கு நம்ம பங்கு இருக்கு. சாயங்காலம் கைய தோளுக்கு மேல தூக்க முடியல, ஜாக்கெட் ஊக்கு நான்தான் மாட்டி விட்டேன், ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்கு செவந்து சூடா இருந்துச்சு. ராத்திரி காய்ச்சல் 38 தொட்டுச்சு, பனடோல் (பாராசிட்டமால்) ரெண்டு, கஞ்சி, சுகர் ரெண்டு தடவ குத்திப் பாத்தோம், ஓகே. நடுக்கம் வரல. சனிக்கிழமை பூரா படுத்தே டிவி பாத்தாங்க, எனக்கு அத எடு இத எடுன்னு ஒரே அதிகாரம். ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கணும்னு கிளம்பிட்டாங்க, கை மட்டும் இன்னும் லேசா வலிக்குதாம்.

ரெண்டாவது டோஸுக்கு மார்ச் முதல் வாரம் அப்பாயிண்ட்மெண்ட் எடுத்தாச்சு. அதுக்கு இன்னும் ஜாஸ்தியா இருக்குமா கலாக்கா?

நைட்_ஷிஃப்ட்_கலா:
காய்ச்சல், நடுக்கம் ரெண்டாவதுல கொஞ்சம் கூட இருக்கலாம், சிலருக்கு முதல்லயே முடிஞ்சுடும், ஆளுக்கு ஆள் மாறும். மறுநாளைக்கு சமையல், பேரப்பிள்ள பாத்துக்கறது எதுவும் வைக்காதீங்க. போடறதுக்கு முன்னாடியே பனடோல் குடுத்துட்டுப் போக வேணாம், வலி காய்ச்சல் வந்தப்புறம் குடுங்க போதும். காய்ச்சல் மூணு நாளத் தாண்டினாலோ மூச்சு திணறினாலோ மூஞ்சி வீங்கினாலோ கால் மரத்துப் போச்சுன்னு சொன்னாலோ வீட்ல வச்சுப் பாக்காம உடனே ஆஸ்பத்திரி.

சிராங்கூன்_டாக்ஸி_மாமா:
மார்ச்ல அம்மாவக் கூட்டிட்டுப் போக வண்டி வேணும்னா ஒரு நாள் முன்னாடி இங்க ஒரு மெசேஜ் போடும்மா. மீட்டர் போட மாட்டேன், கோப்பி வாங்கிக் குடுத்தா போதும்.