பாக்கெட்ல கத்தியோட மாட்டுன கதை யாருக்காவது இருக்கா? என்னோடது இது

லண்டன்ல எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன், கேபிள் சீவ, அட்டைப்பெட்டி பிரிக்கன்னு பேன்ட் பாக்கெட்ல எப்பவும் ஒரு மடக்குக் கத்தி கெடக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை வேலை இல்ல, சும்மா ஸ்டேஷன் பக்கம் போனா ஆளுங்கள நிறுத்தி செக் பண்ணிட்டு இருக்காங்க, நானும் சிக்குனேன். பயமே இல்ல, ஏன்னா 3 இஞ்சு வரைக்கும் மடக்குக் கத்தி ஓகேன்னு தெரியும், என்னோடது ரெண்டரைதான். ஆனா அந்த போலீஸ்காரர் அளக்கவே இல்லங்க. விரிச்சாரு, டிக்குன்னு ஒரு சத்தம், பிளேடு முதுகுல கட்டைவிரல வச்சு மடக்கிப் பாத்தாரு, மடங்கல. லாக் நைஃப், அதாவது விரிச்சா லாக் ஆகி நிக்குற கத்தின்னு சொல்லிட்டாரு. லாக் விழுற கத்திக்கு 1988 சட்டத்துல இருக்குற அந்த 3 இஞ்சு சலுகை கெடையாதாம், 90கள்லயே கோர்ட் சொல்லிருச்சாம். கை வெட்டுப்படக் கூடாதுன்னு வச்ச லாக்கே குத்தம்னா என்னத்த சொல்ல!

வேலைக்குப் போற வழியா இருந்தா காரணம்னு ஒண்ணு இருந்திருக்கும். லீவு நாள்ல என்ன சொல்ல, மறந்துட்டேன்னேன். மறதி மட்டும் காரணம் ஆகாதுன்னாங்க, அதிகபட்சம் 4 வருஷம் ஜெயில்னு வேற சொன்னதும் வயித்தக் கலக்கிருச்சு. நல்லவேளை தற்காப்புக்குன்னு ஒளறல, அத சொல்லிருந்தா கதையே வேற. கத்திய வாங்கிட்டு எச்சரிச்சு விட்டுட்டாங்க.

——

நான் அமெரிக்கால பாஸ்டன் பக்கம். இங்க பட்டன் அமுக்குனா விரியுற கத்திக்கு தடை இருந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல மாநில உச்ச நீதிமன்றமே அது செல்லாதுன்னு தூக்கிருச்சு. அந்தக் கேஸ்ல சிக்குன கத்தி ஆரஞ்சு கலர், பாக்க துப்பாக்கி மாதிரியே இருக்குமாம். ஆயுதம் வச்சுக்குற உரிமைய சொல்ற அமெரிக்க அரசியல் சட்டத்தோட ரெண்டாவது திருத்தம், 1791ல வந்தது, மொத்தம் 27 வார்த்தை, அதுல துப்பாக்கின்னு எங்கயும் இல்ல, ஆயுதம்னுதான் இருக்கு, அப்போ கத்தியும் அதுல வரும்ல.

ஆனா உரிமையெல்லாம் வாசல் வரைக்கும்தான். டிராஃபிக் டிக்கெட் விஷயமா கோர்ட்டுக்குப் போனப்போ சாவிக்கொத்துல இருந்த சுண்டுவிரல் சைஸ் கத்திய ஸ்கேனர்ல புடிச்சுட்டாங்க, கார்ல வச்சுட்டு வான்னாரு செக்யூரிட்டி. நான் ட்ரெயின்ல வந்தவன். குப்பைத்தொட்டில போட்டுட்டு உள்ள போனேன்.

——

லண்டன் அண்ணே, இப்ப என்ன வச்சிருக்கீங்க?

——

லாக் இல்லாதது ஒண்ணு வாங்குனேன் தம்பி, சட்டப்படி சுத்தம். போன வாரம் பெட்டி பிரிக்கும்போது தானா மடங்கி ஆள்காட்டி விரல்ல மூணு தையல்.