மல்லிகை, செவ்வரத்தை, டாலியா: டொரொண்டோ குளிரில் எப்படிக் காப்பாற்றுவது?

ஸ்காபரோ_பூச்சாடி:
வணக்கம். மல்லிகை இரண்டு, செவ்வரத்தை (செம்பருத்தி) ஒன்று பூச்சாடியில் நிற்கின்றன. டாலியா நிலத்தில். இரவில் 11 பாகை செல்சியசுக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. முன்படிக்குக் கீழே உள்ள கோல்ட் ரூம் (சூடேற்றாத இருட்டறை) குளிர்காலம் முழுக்க 6 பாகையளவில் இருக்கும். எல்லாவற்றையும் அங்கே வைக்கலாமா?

மார்க்கம்_தோட்டம்:
டாலியாவுக்கு அது அருமையான இடம். மல்லிகையை மட்டும் அங்கே வைத்துவிடாதீர்கள். டாலியா கிழங்காக உறங்கும். மல்லிகை உறங்காது, அதற்குக் குளிர்காலத்திலும் வெளிச்சம் வேண்டும். இருட்டில், 6 பாகையில், ஈரமண்ணோடு விட்டால் வேர் அழுகும். செவ்வரத்தைக்கும் இதேதான்.

இரண்டையும் இந்த வாரமே உள்ளே எடுங்கள். ஹீட்டர் ஓடத் தொடங்குமுன் வந்தால் செடிக்கு அதிர்ச்சி குறைவு. தெற்கு யன்னல், 15 முதல் 18 பாகை, சூடான காற்று வரும் துவாரத்துக்குத் தள்ளி. வெயில் விழாத வீடென்றால் நுனிக்கு 30 செ.மீ. மேலே எல்இடி விளக்கு, தினமும் 12 முதல் 14 மணி நேரம்.

முதல் சில வாரங்களில் இலை மஞ்சளாகி உதிரும். பெரும்பாலான செடிகள் சாவது இந்தக் கட்டத்தில்தான். வாடுகிறதென்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். இலை குறைந்த செடி தண்ணீரை இழுக்காது; மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். விரலை விட்டுப் பாருங்கள், மேல்மண் 3 செ.மீ. காய்ந்த பிறகே ஊற்றுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உரம் வேண்டாம்.

கத்தரிக்கோல்:
உள்ளே எடுக்கும்போதே பாதியாக வெட்டிவிடலாமே? இடமும் மிச்சம்.

மார்க்கம்_தோட்டம்:
மல்லிகையில் வேண்டாம். இப்போது வெட்டினால் வெளிச்சம் குறைந்த நேரத்தில் மெலிந்து வெளிறிய தளிர்தான் நீளும். பெப்ரவரி கடைசியில் மூன்றிலொரு பங்கு வெட்டுங்கள். புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வரும். உரமும் தளிர் கண்ட பிறகே.

இலையடி:
செஞ்சிலந்தியை (இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்திப்பேன்) மறக்க வேண்டாம். ஹீட்டர் உலர்த்திய காற்றில் வேகமாகப் பெருகும். இலையின் மேலே ஊசிமுனையளவு வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூல் தெரியும். வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த பொடி நகர்ந்தால் அதுதான். உள்ளே எடுக்குமுன் இலையடியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை அடியும் நனையத் தெளியுங்கள். சோப்பு முட்டையைக் கொல்லாது. அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை.

கிழங்கு_பெட்டி:
டாலியாவுக்கு அவசரமில்லை. உறைபனி பட்டு இலை கறுத்த பிறகு தண்டை 15 செ.மீ. விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்து, 30 செ.மீ. தள்ளி தோட்டத்து முள்மண்வெட்டியால் கிளப்புங்கள். கழுத்து (தண்டோடு சேரும் மெல்லிய பகுதி) முறிந்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. முளைக்கண் தண்டின் அடியில்தான் இருக்கிறது. தண்டுக்குள் தண்ணீர் தேங்கும், எனவே இரண்டு நாள் தலைகீழாக வைத்து நிழலில் உலர்த்தி, லேசான ஈரமுள்ள வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) புதைத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம். சுருங்கினால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். அழுகல் தெரிந்தால் நல்ல சதை வரும்வரை வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகு திரும்பப் புதையுங்கள்.

ஸ்காபரோ_பூச்சாடி:
மிக்க நன்றி. மல்லிகையைத் திரும்ப வெளியே வைப்பது எப்போது?

மார்க்கம்_தோட்டம்:
இரவு 10 பாகைக்குக் கீழே இறங்காத பிறகு. இங்கே பெரும்பாலும் மே கடைசி. முதல் 10 நாள் நிழலில் வைத்து, வெயிலைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நேரே வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும்.