வாடகைத் தேதியை மாற்ற வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடுகிறது. வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். எனக்கு அது எட்டாக்கனி. வாடகை 1ஆம் தேதி, சம்பளம் 7ஆம் தேதி. நடுவில் கைமாற்று வாங்கி, சம்பளம் வந்ததும் அடைத்தால் மறுபடி வெறுங்கை. மகளின் பள்ளிக்கூட ஷூவில் அடிப்பாகம் ஓட்டை. உள்ளே அட்டை வெட்டி வைத்து அனுப்புகிறேன்.

ஓவர்டைம் கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். வாடகை குறைந்த வீடு தள்ளி இருக்கிறது. மிச்சமாவது பஸ்ஸுக்கே சரியாகிவிடும், புது அட்வான்ஸும் புரட்ட முடியாது. இப்போது ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், வாடகையை ஏற்றப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இதுவரை ஒரு மாசம்கூட நான் பாக்கி வைத்ததில்லை.

தேதியை 10க்கு மாற்றி, ஏற்றத்தையும் கொஞ்சம் தள்ளிவைக்கும்படி வீட்டுக்காரரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா, எப்படிப் பேசினீர்கள்?