நெஞ்சு வலில துடிக்கிறவரை வச்சுக்கிட்டு மும்பையைத் தாண்டிப் போனது சரியா?

கடலூர்_கார்த்தி:
போன வாரம் குவைத்ல இருந்து சென்னைக்கு ராத்திரி ஃபிளைட்ல வந்தேன். கிளம்பி ரெண்டரை மணி நேரம் இருக்கும், கீழ பூரா கடல், உள்ள லைட்டெல்லாம் அணைச்சுட்டாங்க. எனக்கு முன் வரிசையில இருந்தவர் எழுந்திரிக்கப் பார்த்து அப்படியே சீட்டுல சாஞ்சுட்டார். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், விருத்தாசலம் பக்கம், பொண்ணு கல்யாணத்துக்குப் போறேன்னு ஏறும்போதே சந்தோஷமா சொல்லிக்கிட்டிருந்தார். தொட்டுப் பார்த்தா சட்டை தண்ணில முக்கி எடுத்த மாதிரி நனைஞ்சிருக்கு, கை ஜில்லுன்னு இருக்கு, இடது தோள்பட்டையைப் புடிச்சுக்கிட்டு "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு தம்பி"ங்கறார்.

டாக்டர் யாராச்சும் இருக்கீங்களான்னு ரெண்டு தடவை மைக்ல கேட்டாங்க, யாரும் இல்ல. நர்ஸ் பொண்ணு ஒண்ணு மட்டும் எழுந்து வந்துச்சு. ஆக்சிஜன் சிலிண்டரை நான்தான் மடியில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். முன்னாடி ஸ்கிரீன்ல மேப்பு ஓடுது, மும்பை வருது வருதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், பக்கத்துல வந்துச்சு, இடது பக்கமா தள்ளிப் போச்சு, இறக்கல. அதுக்கப்புறம் ஒன்னே முக்கால் மணி நேரம் கழிச்சுதான் சென்னை. வீல்சேர்ல இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க, என்ன ஆனார்னு தெரியல. எனக்கு இன்னும் தூக்கம் வரல. நெஞ்சு வலின்னா பக்கத்து ஏர்போர்ட்ல இறக்கணும்னு சட்டமே போடணும்ங்கறேன். சொல்லுங்க.

ஓஎம்ஆர்_ராம்:
கார்த்தி, நீங்க பார்த்தது கஷ்டமான விஷயம்தான், ஆனா சட்டம் போடணும்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா இறந்துட்டார்னு தகவல் வந்து துபாய்ல இருந்து கிளம்பினேன். வழியில ஒருத்தருக்கு மயக்கம்னு வேற ஊர்ல இறக்குனாங்க. அந்தாளுக்கு ஒண்ணுமில்ல, சாப்பிடாம வந்திருக்கார், குளுக்கோஸ் ஏத்துனதும் எழுந்து உக்காந்துட்டார். ஆனா பைலட்டுங்களுக்கு டூட்டி நேரம் முடிஞ்சுபோச்சு, வேற க்ரூ வர்ற வரைக்கும் பதினோரு மணி நேரம் அங்கேயே கிடந்தோம். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்றப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. தம்பிதான் கொள்ளி வச்சான். மூத்த பிள்ளை நான், அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்கல. அந்த ஃபிளைட்ல என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் எதுக்காகப் போய்க்கிட்டிருந்தாங்களோ. ஒருத்தருக்காக எல்லாரையும் திருப்புறதுன்னா அதுக்கு ஒரு அளவு வேணும்.

கடலூர்_கார்த்தி:
ராம் அண்ணே, அப்பா விஷயம் படிச்சு மனசு கனத்துப் போச்சு. ஆனா மயக்கமும் நெஞ்சு வலியும் ஒண்ணு இல்லையே.

தம்மாம்_செல்வி:
நான் சவுதில கார்டியாக் ஐசியுல நர்ஸா இருக்கேன், பதினாலு வருஷ சர்வீஸ். ஃபிளைட்ல மூணு தடவை எழுந்து போயிருக்கேன், அதனால உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன்.

முதல்ல, மேல இருக்கிற காத்து தரையில இருக்கிற காத்து இல்ல. விமானத்துக்குள்ள அழுத்தத்தை 6,000ல இருந்து 8,000 அடி உயரத்துக்குச் சமமாத்தான் வச்சிருப்பாங்க. ஊட்டி 7,300 அடி சொச்சம், அப்ப எல்லாரும் அத்தனை மணி நேரம் ஊட்டில உக்காந்திருக்கோம்னு வச்சுக்கோங்க. நல்லா இருக்கிறவங்களுக்கே ரத்தத்துல ஆக்சிஜன் 92, 93க்கு இறங்கும். ரத்தக்குழாய் பாதி அடைச்சவருக்கு அது போதாது. ரெண்டாவது, இன்ஜின் சத்தத்துல ஸ்டெதாஸ்கோப் வச்சா ஒண்ணும் கேக்காது, பிபி பார்க்கணும்னா மணிக்கட்டுல நாடியைத் தொட்டுத்தான் மேல் அளவை மட்டும் எடுக்க முடியும். மூணாவது, ஈசிஜி எடுத்துப் பார்க்கிற வசதி நான் போன ஃபிளைட் எதுலயும் இல்ல. கார்த்தி சொல்ற குளிர்ந்த வேர்வை, தோள்பட்டை வலி, கல்லு வச்ச மாதிரி பாரம், இது மூணும் சேர்ந்தா எங்க வார்டுல ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டோம். நான் அங்க இருந்திருந்தா மும்பைல இறக்குங்கன்னுதான் சொல்லியிருப்பேன்.

ஆப்ஸ்_மணி:
விமான நிறுவனம் ஒண்ணுல ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல்ல இருக்கேன், எந்த நிறுவனம்னு கேக்காதீங்க.

சிலர் நினைக்கிற மாதிரி ஆஃபீஸ்ல உக்காந்துக்கிட்டு காசு போயிடும் இறக்காதேன்னு யாரும் சொல்றதில்ல. கடைசி முடிவு கேப்டனோடது, அதுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா கேப்டன் காக்பிட்டை விட்டு வந்து நோயாளியைப் பார்க்க மாட்டார், பார்க்கவும் கூடாது. க்ரூ பொண்ணு இன்டர்காம்ல சொல்றதை வச்சு, தரையில இருக்கிற டாக்டர் சர்வீஸை சாட்டிலைட் ஃபோன்லயோ ரேடியோலயோ புடிச்சு, அவங்க கேக்குற கேள்விக்கு மறுபடி கேபின்ல கேட்டுச் சொல்லி, இப்படிப் போய் வர்றதுக்குள்ளயே பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடிடும். நடுக்கடல்ல ஹெச்எஃப்ங்கற தூர ரேடியோ மட்டும்னா பாதி வார்த்தை இரைச்சல்தான்.

அப்புறம், பக்கத்து ஏர்போர்ட்னு சொல்றீங்களே, 37,000 அடியில இருந்து இறங்கி ஓடுபாதை தொடவே அரை மணி நேரம் ஆகும். பார்க் பண்ணி கதவு திறந்து ஆம்புலன்ஸ்ல ஏத்த இன்னொரு கால் மணி. அதுக்கு மேல அந்த ஊர்ல ராத்திரி ஓடுபாதை திறந்திருக்கணும், படி வண்டி இருக்கணும், ஆஞ்சியோ பண்ற ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும். எடைன்னு ஒண்ணும் இருக்கு. போயிங் 777-300ஈஆர்ங்கற பெரிய விமானம் 351 டன்னோட கிளம்பலாம், ஆனா இறங்குற எடை 251 டன்தான். லாங் ஃபிளைட் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே திரும்பணும்னா எரிபொருளை வெளிய கொட்டணும், இல்லன்னா எடை கூடுதலா இறங்கிட்டு முழுசா சோதிக்கணும். குவைத் ஃபிளைட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லதான். ஆனா எல்லா ஃபிளைட்டுக்கும் ஒரே சட்டம்னு எழுதினா இதெல்லாம் எங்க போகும்?

கடலூர்_கார்த்தி:
மணி சார், உங்க கணக்கையே போடுவோம். மும்பை பக்கம் வந்தப்ப இறக்கியிருந்தா முக்கால் மணியில ஆம்புலன்ஸ். சென்னைக்கு ஒன்னே முக்கால், அங்கயும் கதவு திறந்து ஏத்தக் கால் மணின்னா ரெண்டு மணி நேரம். ஒன்னேகால் மணி நேரம் போச்சா இல்லையா?

தம்மாம்_செல்வி:
அந்த ஒன்னேகால் மணி நேரம்தான் எல்லாமே. குழாய் முழுசா அடைச்சா தசை செத்துக்கிட்டே இருக்கும். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரத்துல இருந்து 90 நிமிஷத்துக்குள்ள அடைப்பை எடுக்கணும்னு நாங்க கடிகாரம் வச்சு ஓடுவோம். வாசலுக்கு வர்றதுலயே அவ்வளவு நேரம் விட்டா என்ன மிஞ்சும்?

ஓஎம்ஆர்_ராம்:
சிஸ்டர், உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா புள்ளிவிவரமும் இருக்கு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, 2008ல இருந்து 2010 வரைக்கும் அஞ்சு விமான நிறுவனங்கள்ல வந்த கிட்டத்தட்ட 12,000 எமர்ஜென்சியை எடுத்துப் பார்த்தாங்க. 604 ஃபிளைட்டுக்கு ஒண்ணு. அதுல 37 சதவீதம் வெறும் மயக்கம், இல்ல மயக்கம் வர்ற மாதிரி. திருப்பி இறக்குனது 7 சதவீதம்தான். இறந்தவங்க 0.3 சதவீதம். அப்ப பெரும்பாலான நேரம் இறக்காமப் போனதுதான் சரியா இருந்திருக்கு. அது மட்டுமில்ல, இறக்குனா பொழைச்சிடுவாங்கன்னும் இல்ல. 2021 மார்ச்ல ஷார்ஜா-லக்னோ இண்டிகோ, 2023 மார்ச்ல டெல்லி-தோஹா, அதே வருஷம் நவம்பர்ல ஜெட்டா-ஹைதராபாத், மூணையும் கராச்சில இறக்குனாங்க, மூணுலயும் அந்தப் பயணி பொழைக்கல.

பெரம்பூர்_ஜெனி:
ராம் சார், அதே கராச்சியை நான் வேற மாதிரிப் பார்க்கிறேன். இந்திய விமானம், பாகிஸ்தான்ல இறக்கணும், பர்மிஷன் கேக்கணும், உள்ள இருக்கிறவங்க எல்லாம் என்ன ஆகுமோன்னு பயந்திருப்பாங்க. அப்படியும் மூணு கேப்டனும் கேட்டாங்க, அவங்களும் இறங்க விட்டாங்க, டாக்டர் வந்து பார்த்தார். பொழைக்கல, சரி. ஆனா பார்க்காமப் போயிட்டோம்ங்கற வலி அந்தக் குடும்பங்களுக்கு இல்ல. அது சின்ன விஷயமா?

கடலூர்_கார்த்தி:
சரியாச் சொன்னீங்க ஜெனி. 2023 ஆகஸ்ட்ல பெங்களூரு-டெல்லி விஸ்தாராவுல எய்ம்ஸ் டாக்டருங்க அஞ்சு பேர் சேர்ந்து மூச்சு நின்ன குழந்தையை காப்பாத்தி நாக்பூர்ல இறக்குனாங்களே, அது இறக்குனதாலதானே பொழைச்சுது.

தம்மாம்_செல்வி:
கார்த்தி தம்பி, அந்தக் குழந்தை சில நாள்லயே நாக்பூர் ஆஸ்பத்திரில இறந்துடுச்சு. முதல் நாள் செய்தி எல்லாருக்கும் போச்சு, பின்னாடி வந்தது யார் கண்ணுலயும் படல. இதய ஆபரேஷன் ஆன குழந்தை. முக்கால் மணி நேரம் அந்த டாக்டருங்க ஆகாயத்துல போராடுனாங்க, இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற ஏஈடி கருவி வரைக்கும் போட்டாங்க. ஆனாலும் நாக்பூர்ல இறக்குனது சரின்னுதான் நான் சொல்வேன். பெத்தவங்க கையில உயிரோட கொஞ்ச நாள் கிடைச்சுது, செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சாங்க.

கடலூர்_கார்த்தி:
எனக்குத் தெரியாது சிஸ்டர். இத்தனை நாளும் பொழைச்சுதுன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஆப்ஸ்_மணி:
கார்த்தி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பெரியவர் தானே ஏதாச்சும் சொன்னாரா? தரை டாக்டர் கேக்குற முக்கியமான கேள்வி அது, வலி கூடுதா குறையுதா, அவர் என்ன சொல்றார்னு.

கடலூர்_கார்த்தி:
மொதப் பதிவுல இதை எழுதல. எழுதக் கஷ்டமா இருந்துச்சு. ஆக்சிஜன் வச்சதும் கொஞ்சம் கண்ணு திறந்தார். க்ரூ வந்து நடுவுல இறக்கலாமான்னு கேட்டாங்க. அவர் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "வேணாம் தம்பி, இறக்க வேணாம்னு சொல்லு, தெரியாத ஊர்ல ஆஸ்பத்திரி பில்லு யார் கட்டுறது, சென்னைல மச்சான் வண்டியோட நிக்கிறான், வலி குறைஞ்சிருச்சு"ன்னார். நானும் அதையே சொன்னேன். அந்தப் பொண்ணு பேப்பர்ல எழுதிக்கிட்டு முன்னாடி போச்சு.

ஓஎம்ஆர்_ராம்:
அப்ப கேப்டனுக்குப் போன தகவல் "வலி குறைஞ்சிருக்கு, பேசறார், இறக்க வேணாங்கறார்"னுதானே. அதை வச்சு அவர் எடுத்த முடிவை எப்படித் தப்புன்னு சொல்வீங்க? நான் சொல்லவே மாட்டேன். உங்களையும் சொல்ல மாட்டேன் தம்பி.

தம்மாம்_செல்வி:
கேப்டனை நானும் குத்தம் சொல்லல. ஆனா இதய நோயாளி சொல்றதை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுப்பாங்க. பத்துல எட்டுப் பேர் வாயு கோளாறுதான் சிஸ்டர், சோடா குடிச்சா சரியாயிடும்னுதான் வருவாங்க. வலி குறைஞ்சுதுன்னா வேர்வை நின்னுச்சா, கை சூடு வந்துச்சா, நாடி என்ன, அதைத்தான் எழுதியிருக்கணும். அந்த நர்ஸ் பொண்ணு கண்டிப்பா சொல்லியிருக்கும், ஆனா நாலு பேர் வாய் மாறிப் போறப்ப "பரவால்லங்கறார்"ங்கறது மட்டும்தான் போய்ச் சேரும். எனக்கே நடந்திருக்கு. பிபி மேல் அளவு 90தான், ரொம்பக் குறைவுன்னு நான் எழுதிக் கொடுத்தது காக்பிட்டுக்கு "பிபி பார்த்தாச்சு"ன்னு போச்சு. அதுக்கப்புறம் நானே இன்டர்காம்ல பேசணும்னு கேட்டு வாங்கிப் பேசினேன். யார் உதவிக்கு எழுந்து போனாலும் இதைக் கேளுங்க, கொடுப்பாங்க.

பெரம்பூர்_ஜெனி:
டாக்டருங்க எழுந்திரிக்காததுக்கும் காரணம் இருக்கு. என் அண்ணன் டாக்டர், ஒரு தடவை எழுந்து போய் அப்புறம் ஒரு வாரம் கேஸ் வருமோன்னு பயந்துக்கிட்டிருந்தான். அமெரிக்காவுல 1998லயே இதுக்குன்னு சட்டம் போட்டு, நல்ல மனசோட உதவுன டாக்டர் மேல வழக்கு வராம பாதுகாப்பு கொடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ ரோட்டு விபத்துல உதவுறவங்களுக்குத்தான். ஆகாயத்துக்கும் அப்படி ஒண்ணு தெளிவா வரணும். கார்த்தி கேக்குற சட்டத்தை விட இது வந்தா நல்லது.

ஆப்ஸ்_மணி:
இதை நான் முழுசா ஏத்துக்கிறேன். அந்த பில்லு பயமும் நிஜம். வேற ஊர்ல இறக்குனா ஆஸ்பத்திரி செலவு பொதுவா குடும்பத்து தலையிலதான் விழும். கல்ஃப்ல இருந்து வர்ற நம்ம ஆளுங்க எத்தனை பேர் டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கிறாங்க?

ஓஎம்ஆர்_ராம்:
நான் இன்னும் சட்டம் வேணாம்னுதான் சொல்றேன். ஆனா அந்த விருத்தாசலத்துக்காரர் மாதிரி ஒருத்தருக்காக நான் பதினோரு மணி நேரம் நின்னிருந்தா, இவ்வளவு கோவம் இருந்திருக்காது.

கடலூர்_கார்த்தி:
அண்ணே, நாளைக்கு விருத்தாசலம் போறேன். அவர் சொன்ன ஊர் பேரு ஞாபகம் இருக்கு, கல்யாண வீடுன்னு விசாரிச்சா தெரிஞ்சிடும். அவர் மாத்திரை டப்பா என் பையில இருக்கு. மாத்திரையைப் பெட்டில போட்டுட்டேன், கையில ஒண்ணும் இல்லன்னு அவர் அன்னிக்கு ஃபிளைட்ல சொன்னார், சென்னைல இறங்கி பெட்டி வந்தப்புறம் அவரோட மச்சான் அந்த டப்பாவை என் கையில கொடுத்து நில்லுங்கன்னுட்டு ஆம்புலன்ஸ் பின்னாடி ஓடினார், திரும்பி வரல. அதைக் கொண்டுபோய் கொடுக்கணும்.

தம்மாம்_செல்வி:
போயிட்டு வந்து எழுதுங்க தம்பி. எந்த நேரமா இருந்தாலும் பார்ப்பேன்.